பரம்பரை வைத்தியருக்குப் பதிவு வேண்டாமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு தகவல் சுற்றுகிறது: "பரம்பரை சித்த வைத்தியருக்குப் பட்டமும் வேண்டாம், பதிவும் வேண்டாம், சட்டமே அனுமதிக்கிறது. சுகர், பிரஷர் எதுவானாலும் இனி அவரையே குடும்ப டாக்டராக வைத்துக்கொள்ளுங்கள்."

இது தவறு. தகுதியும் பதிவும் இல்லாமல், பரம்பரை என்று மட்டும் சொல்லி வைத்தியம் பார்க்க முடியாது என்று கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. சித்தா, ஆயுர்வேதம் போன்ற இந்திய மருத்துவ முறைகளுக்கான 1970ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது ஏற்கெனவே சில வருடங்களாகத் தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது உண்மைதான், ஆனால் அதை இன்றைக்குப் புதிதாகப் பலகை மாட்டுகிறவருக்கு நீட்ட முடியாது.

சித்த மருத்துவத்துக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. சித்த மருத்துவப் பட்டப்படிப்பான பி.எஸ்.எம்.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம். படித்தவர்கள் தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள், அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள் (உண்மையான டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்), சந்தேகம் இருந்தால் கவுன்சிலிலேயே சரிபார்க்கலாம். அப்புறம், பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்தா பிரிவே இருக்கிறது, காசும் கிடையாது.

இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் சரி, எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அந்த மெசேஜை ஃபார்வர்டு பண்ணவும் வேண்டாம்.