பார்த்த ஒரே ஆள்

போர் வீரர் கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை. அதுவும் குண்டு போடுகிற விமானத்தில் போனவர்களைக் கொண்டாடச் சொன்னால், கீழே இருந்தவர்கள் கதி என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். 1943 ஜூலையில் குண்டுவீச்சில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எரிந்ததைப் படித்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் ஆண்ட்ரூ மைனார்ஸ்கியை என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

கனடாவின் வின்னிபெக்கில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1916-ல் பிறந்தவர். தோல் வெட்டும் வேலை. 1941-ல் விமானப்படையில் சேர்ந்தார். லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் முதுகில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டு அவருடைய இடம், வால் நுனிக் கூண்டில் அவருடைய நண்பர் பேட் பிராஃபி. பிராஃபி பதவியில் மேலே என்பதால், இரவு பிரியும்போது மைனார்ஸ்கி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து "குட் நைட் சார்" என்பாராம், சும்மா கிண்டலுக்கு.

1944 ஜூன் 12 இரவு, வடக்கு பிரான்சில் காம்பிரே ரயில் யார்டைத் தாக்கக் கிளம்பினார்கள். அவர்களுக்கு அது 13-வது பயணம். கிளம்புவதற்கு முன் புல்லில் கிடைத்த ஒரு நாலிலைக் குளோவரை, அதிர்ஷ்டம் வரும் வைத்துக்கொள் என்று பிராஃபியிடம் கொடுத்தார்.

நள்ளிரவு தாண்டி ஒரு ஜெர்மன் விமானம் சுட்டதில் இடப்பக்க எஞ்சின் இரண்டும் போயின. விமானி எல்லோரையும் குதிக்கச் சொல்லிவிட்டார். எஞ்சின் போனதும் வால் கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக்கும் போய், கூண்டு பாதியில் சிக்கிக்கொண்டது, பிராஃபியால் வெளியே வர முடியவில்லை. கையால் சுற்றும் பிடியும் உடைந்துவிட்டது. குதிக்கிற கதவு வரை வந்த மைனார்ஸ்கி அங்கிருந்து பிராஃபியைப் பார்த்தார். அப்புறம் எரிகிற எண்ணெய்க்குள் ஊர்ந்து போய், கோடாலியால் அடித்து, அது நடக்காமல் வெறும் கையால் இழுத்துப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே உடை எரிகிறது. போ, போ என்று பிராஃபி கையசைத்த பிறகுதான் பின்வாங்கினார், கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே. கதவருகே நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட். உதடு அசைந்தது. சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, ஆனால் என்ன சொன்னார் என்று பிராஃபிக்குத் தெரியும்.

பாராசூட்டும் எரிந்தபடியே விழுந்தார். பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப் போனார்கள், தீக்காயத்தில் இறந்துவிட்டார். விமானம் தரையில் மோதியபோது பிராஃபி வெளியே தூக்கி எறியப்பட்டு, நம்பவே முடியாத மாதிரி, உயிரோடு இருந்தார். ஏழு பேரில் செத்தது மைனார்ஸ்கி ஒருவர்தான்.

எனக்கு உறுத்துவது இதுதான். வால் கூண்டில் சிக்கியவர் பிழைப்பது ரொம்ப அபூர்வம். வழக்கம்போல பிராஃபியும் செத்திருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? முன்பக்கம் இருந்தவர்கள் முன்பக்க வழியாகவே குதித்துவிட்டார்கள், பின்னால் நடந்ததைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. இவர்களும் இருந்த பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். பார்த்தவரும் கூடவே எரிந்துபோன இரவுகள் அதில் எத்தனையோ! இதே படைதான், இனி என்னால் பறக்க முடியாது என்று சொன்னவர்களுக்கு 'மன உறுதி இல்லாதவர்' என்று முத்திரை குத்தியது. எரிகிற விமானத்துக்குள் யார் என்ன செய்தார் என்று தெரியாத அதிகாரிகள், மேசையில் உட்கார்ந்து யாருக்கு உறுதி இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

மைனார்ஸ்கிக்கு வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸ் அறிவித்தது 1946 அக்டோபரில், போர் முடிந்து ஒரு வருஷத்துக்கும் மேலே ஆன பிறகு. அதுவும் பிராஃபி திரும்பி வந்து வாயைத் திறந்ததால்.