வீட்டில் செய்யக்கூடிய எஞ்சின் சாமான், செய்யக்கூடாத சாமான்

பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ் கார் வைத்திருக்கிற எங்கட ஆக்கள் கனபேர் இப்போது வீட்டிலேயே சாமான் செய்து காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். நல்ல விசயம், நானும் அதுக்கு ஆதரவு. ஆனால் எதை வீட்டில் செய்வது, எதை வாங்கியே தீர்வது என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. என்னைக் கேட்டால், பழுதானால் ஒழுகுகிற சாமானை வீட்டில் செய்யலாம். பழுதானால் எஞ்சினை உடைக்கிற சாமானைச் செய்யவே கூடாது. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, அதுக்கு லேத் (கடைசல்) பட்டறையும் வேண்டும், உங்கள் கவனமும் வேண்டும்.

முதலில் காஸ்கட், அதாவது இரண்டு பாகங்கள் சேருகிற இடத்தில் ஒழுகாமல் வைக்கிற தாள். தண்ணிப் பம்ப், தேர்மோஸ்டற் மூடி, டைமிங் கவர், காபரேற்றர் அடி எல்லாவற்றுக்கும் 0.4 தொடக்கம் 0.8 மில்லிமீற்றர் காஸ்கட் தாள் போதும். பிஸ்கற் பெட்டி மட்டையில் வெட்டாதீர்கள். அது ஒயிலைக் குடித்து ஊறி, பிறகு கிழிந்து உள்ளே போகும். தாளை மூடியின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டி வெட்டுகிற பழக்கம் எங்கட இடத்தில் எங்கும் உண்டு. வார்ப்பிரும்புக்கு அது பரவாயில்லை, அலுமினிய மூடியில் ஓரம் நசிந்து பிறகு எந்தக் காஸ்கட்டும் பிடிக்காது. மூடியின் முகத்தில் கிறீஸை மெல்லிசாகப் பூசித் தாளில் அழுத்துங்கள், அச்சு வடிவாக விழும். ஓட்டைகளை முதலில் பஞ்ச் என்ற துளைக்கருவியால் குத்தி, இரண்டு போல்ட்டைச் செருகித் தாள் அசையாமல் பிடித்த பிறகுதான் வெளி ஓரத்தை வெட்ட வேண்டும். ஓட்டை போல்ட்டை விட 1 மில்லிமீற்றர் பெரிதாக இருக்கட்டும்.

தடிப்பையும் பாருங்கள். பெற்றோல் பம்பின் அடியில் இருக்கிற காஸ்கட்டும் கட்டையும் பம்ப் நெம்பு எவ்வளவு தள்ளுப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றன. தடிப்புக் கூடினால் பெற்றோல் போதாமல் வரும், குறைந்தால் நெம்பும் உள்ளே பெற்றோலை இழுக்கிற டயபிறம் என்ற சவ்வும் அடிபடும். பழையதைக் கலிப்பரால் அளக்காமல் வெட்டத் தொடங்காதீர்கள்.

வால்வ் கவருக்குக் கோர்க் நல்லது. காய்ந்து சுருங்கியிருந்தால் கொஞ்ச நேரம் தண்ணியில் போட்டால் பழைய அளவுக்கு வரும். இறுக்குவதில்தான் எல்லோரும் பிழைவிடுகிறார்கள். ஒழுகுகிறது என்று இன்னும் இறுக்க, கோர்க் பிதுங்கி வெடித்து முன்னரை விடக் கூட ஒழுகும். ஒயில் வடிக்கிற பிளக்கின் செம்பு வாசரைப் புதிதாக வாங்கத் தேவையில்லை. செக்கச் சிவக்கும் வரை சூடாக்கித் தண்ணியில் போட்டால் மறுபடி மென்மையாகிவிடும். செம்பு நசிய நசிய இறுகுகிற உலோகம், இறுகின வாசர் ஒட்டாமல் ஒழுகும். பிரேக் குழாய் வாசருக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம், புதிதே போடுங்கள்.

இப்போது எஸ்.யூ. வகைக் காபரேற்றரின் திறொட்டில் கம்பி, அதாவது காற்றுப் பாதையைத் திறந்து மூடுகிற தகட்டைத் தாங்கிச் சுழல்கிற கம்பி. ஐடில் (அக்சிலறேற்றரை மிதிக்காமல் எஞ்சின் ஓடுகிற வேகம்) கூடிக் குறைந்து ஆடினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, கம்பி காபரேற்றர் உடலுக்கு வெளியே வருகிற இடத்தில் ஒரு துளி எஞ்சின் ஒயில் விடுங்கள். ஓட்டம் ஒரு கணம் மாறினால் அந்த வழியாகக் காற்று இழுக்கிறது. பெற்றோல் தெளித்துப் பார்க்கிற ஆக்களும் இருக்கிறார்கள், தீப்பிடிக்கும், வேண்டாம். கம்பியின் விட்டம் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீற்றர். கடையில் 8 மில்லிமீற்றர் கம்பிதான் கிடைக்கும் என்று அதைப் போட்டு இறுக்கினால் திறொட்டில் திறந்தபடியே நின்றுவிடும், ரோட்டில் அது உயிராபத்து. லேத்தில் பித்தளைக் கம்பியை அளவுக்குக் கடைந்து எடுங்கள். உடலின் ஓட்டையும் தேய்ந்திருந்தால் புஷ், அதாவது ஓட்டைக்குள் இறுக்குகிற உலோகக் குழல், போட வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கையால் ட்ரில் பண்ணினால் நேர் வராது. றீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவுகிற கருவி) ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கத்தையும் கடந்து போக வேண்டும். தகட்டைப் பூட்டும்போது இரண்டு ஸ்குரூவையும் தளர்வாக விட்டு, திறொட்டிலை முழுக்க மூடி, தகடு தானாக நடுவுக்கு வந்த பிறகு இறுக்குங்கள். கடைசியாக, அந்த ஸ்குரூக்களின் பிளந்த நுனியைக் கம்பியின் மறுபக்கத்தில் விரித்துவிட வேண்டும். மறந்தால் ஸ்குரூ கழன்று நேரே சிலிண்டருக்குள் விழும்.

ஸ்டார்ட்டர் மோட்டரின் புஷ்ஷும் லேத்தில் செய்யலாம். சாதாரண பித்தளையில் கடைந்தது கெதியாகத் தேயும், பொஸ்பர் வெண்கலம் கேளுங்கள். கடையில் விற்கிற நுண்துளைகளுள்ள வெண்கலப் புஷ் என்றால் ஒரு நாள் முழுக்க ஒயிலில் ஊறவிட்டுப் பூட்டுங்கள், உள்ளே றீமர் போடாதீர்கள், துளைகள் அடைபட்டுவிடும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புக் கல் நிலம், தண்ணியில் சுண்ணாம்பும் உப்பும் கூட. ரேடியேற்றரில் அதை ஊற்றினால் எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டுக்குள் பாறை கட்டும், சிலிண்டர்கள் இருக்கிற புளொக்கின் பக்கத்து அடைப்புத் தகடுகள் உள்ளிருந்து துரு ஏறி ஒழுகும். குழிந்த வட்டத் தகடு வகையை 1.5 மில்லிமீற்றர் பித்தளைத் தகட்டில் வீட்டிலேயே செய்யலாம். வட்டமாக வெட்டிக் கொஞ்சம் குமிழாக அடித்து, குமிழ் வெளிப் பக்கம் பார்க்க வைத்து, நடுவில் ஒரு அடி. தகடு தட்டையாகும்போது விரிந்து பிடிக்கும். தட்டையானதும் நிறுத்துங்கள். உள்ளே குழியும் வரை அடித்தால் திரும்பத் தளர்ந்துவிடும். கிண்ண வடிவத் தகடு என்றால் இந்த முறை சரிவராது. இனிமேல் வடித்த தண்ணியும் கூலண்டும் ஊற்றுங்கள்.

செய்யக்கூடாதவற்றில் ஹெட்டைப் புளொக்கோடு இறுக்கிப் பிடிக்கிற ஸ்டட்தான் என்னை மிகவும் பயப்படுத்துகிறது. ஹாட்வெயார் கடையில் விற்கிற மரை வெட்டிய கம்பியை வெட்டி ஸ்டட்டாகப் போடுகிறார்கள். அந்தக் கம்பி பெரும்பாலும் 4.6 அல்லது 4.8 தரம், 8.8 தரப் போல்ட்டின் பாதிப் பலம். டோர்க் கொடுக்கும்போதே, அதாவது அளவுப்படி இறுக்கும்போதே, நீளும், நீண்டது இறுக்கத்தைப் பிடிக்காது, காஸ்கட் ஊதும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கொன்றொட்டின் போல்ட் இன்னும் மோசம். நிமிடத்துக்கு 4500 சுற்றில் பிஸ்டன் விநாடிக்கு 150 தடவை திசை மாறுகிறது. அந்த இழுவையில் போல்ட் அறுந்தால் புளொக்கில் ஓட்டை. பழைய பானை அலுமினியத்தை உருக்கிப் பிஸ்டன் வார்க்கலாம் என்று காணொளி போடுகிறவர்களை நம்பாதீர்கள். பிஸ்டன் உலோகத்தில் 12 சதவீதம் அளவுக்குச் சிலிக்கன் இருக்கும், சூட்டில் அதிகம் விரியாமல் இருப்பது அதனால்தான். பானை அலுமினியம் விரிந்து சிலிண்டரில் இறுகும். வார்க்கிற அச்சில் ஈரம் இருந்தால் உருகிய உலோகம் முகத்துக்குத் தெறிக்கும்.

1990களில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஊர் இது என்று பெருமையாகச் சொல்வோம், அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து பிஸ்டன் றிங்கையும் பெயாரிங்கையும் தின்றதும் உண்மை. அன்று வேறு வழியில்லை. இன்று மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்குப் பிஸ்டன், றிங், பெயாரிங் எல்லாம் பிரித்தானியாவில் புதிதாகவே விற்பனைக்கு இருக்கிறது. அந்த எஞ்சின் 2000ஆம் ஆண்டு வரை மினி காரில் வந்தது. காஸ்கட்டிலும் புஷ்ஷிலும் மிச்சம் பிடித்த காசை அவற்றுக்குச் செலவழியுங்கள்.

லேத் பட்டறைக்குப் போகும்போது பழைய சாமானை மட்டும் கொண்டுபோய் "இதே அளவில் வெட்டித் தாங்கோ" என்று கேட்காதீர்கள், தேய்ந்த அளவுதான் திரும்பி வரும். அதுக்குள் ஓடுகிற ஷாப்டையும் (தண்டையும்) கொண்டு போங்கள், தேயாத நுனியில் மைக்ரோமீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மரை வெட்டுவது என்றால் மரை அளக்கிற கேஜ் வைத்துப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். 5/16 அங்குலப் போல்ட்டில் யூ.என்.எஃப். என்ற மரை வகைக்கு அங்குலத்துக்கு 24 மரை, பி.எஸ்.எஃப். என்ற பிரித்தானிய வகைக்கு 22 மரை. ஒன்றில் மற்றது இரண்டு மூன்று சுற்றுப் போகும், பிறகு இறுகும். அதில் ஸ்பானர் போட்டு நெரித்தால் புளொக்கின் மரையே போய்விடும்.