தவணைக் காசு எப்ப வரும்?

கம்பஸ் பிள்ளைகளுக்குச் சிக்கனம் பற்றிப் புத்தி சொல்ல ஊரில் ஆள் குறைவில்லை. ஃபோனைக் குறை, கடைச் சாப்பாட்டை விடு என்று சொல்வார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பீடங்களிலும், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிற வன்னிப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் வீட்டிலேயே பழகினது. அவர்களை நெரிப்பது காசு வருகிற திகதி. செலவு ஒவ்வொரு நாளும் விடிகிறது. புலமைப்பரிசில் தவணைக் காசு இரண்டு மூன்று மாதம் சேர்ந்து, சொல்லாமல் வருகிறது. இடையில் கிடக்கிற நாட்களில்தான் பட்டினியும் கடனும் உள்ளே வருகின்றன. அதனால் இந்தப் பதிவு பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, அவர்களைப் பெற்றவர்களுக்கும் நிர்வாகங்களுக்கும்தான்.

முதலில் கணக்கு. கம்பஸ் பிள்ளைகளுக்கு அரசு மாதத் தவணையாகக் கொடுக்கிற காசு இரண்டு: மகாபொலப் புலமைப்பரிசில், பர்சரி என்ற உதவித்தொகை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். நல்ல விசயம். ஆனால் ஒரு கல்வியாண்டுக்குப் பத்துத் தவணைதான். அந்த 2025 மகாபொலக் கணக்கின்படி வருகிற 75,000 ரூபாவை 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 205 ரூபா. ஒரு நேரச் சாப்பாட்டுப் பார்சலோடு அது முடிந்துவிடும். போடிங் வாடகை, பஸ், போட்டோக் கொப்பி எல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன.

முதலாம் வருடப் பிள்ளைக்கு இது இன்னும் கடுமை. தெரிவுப் பட்டியல், வங்கி விபரம், வரவுப் பதிவு எல்லாம் ஒழுங்காகி முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும். வங்கிப் புத்தகத்தில் பெயரின் முதலெழுத்து ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருந்தால் அதுவே இன்னொரு மாதத்தை விழுங்கும். கிராம அலுவலரின் வருமானச் சான்றில் பிரதேச செயலகக் கையொப்பம் இல்லாததும் அப்படித்தான். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்த கிழமையே இவற்றைச் சரிபார்த்து, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்து ஒரு கோவையில் போடுங்கள். முதல் நாலு மாதத்தைப் புலமைப்பரிசில் இல்லாமல் ஓட்டவேண்டும் என்று வைத்தே வீட்டில் கதையுங்கள்.

பிந்திய தவணைகள் மூன்று சேர்ந்து விழும்போது, 7,500 படி 22,500 ரூபா ஒரே நாளில் கணக்கில் தெரியும். ஆபத்தான நாள் அதுதான். அன்றைக்கே கடைக் கொப்பிக் கடனைக் கட்டுங்கள். மிச்சத்தில் இரண்டு மாதச் சாப்பாட்டுக் காசை ஏ.டி.எம். அட்டை இல்லாத இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எடுக்க வங்கிக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டி இருந்தால் கை தானாகக் கட்டுப்படும்.

வீட்டிலிருந்து வருகிற காசுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. மாரி மழையில் விளைகிற காலபோக நெல்லின் அறுவடை மாசி, பங்குனியில். அந்தக் காசு உரக்கடைக்கும் உழவு மெசின்காரருக்கும் போகமுன் பிள்ளையின் பங்கை எடுத்து வைக்காவிட்டால், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் என்ற இரண்டாம் போகம் செய்கிறவர்களுக்கு ஆவணி வரைக்கும், வானம் பார்த்த காணிக்காரருக்கு அடுத்த மாசி வரைக்கும் கையில் ஒன்றும் இராது. முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்று எழும்பினால் கார்த்திகை, மார்கழியில் தொழில் படுக்கும். மன்னார்ப் பக்கம் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தன் பருவத்தில் அதே வேலையைச் செய்யும். வீட்டில் காசு வற்றும் மாதங்களையும் செமஸ்டர் தொடங்கும் மாதத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்த மாதம் இடிக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

காசாக வராததைப் பொருளாகக் கொண்டுவரலாம். ஒரு ஆளுக்கு நாளுக்கு 250 கிராம் அரிசி, மாதத்துக்கு ஏழரைக் கிலோ. நாலு பேர் சேர்ந்து சமைத்தால் 30 கிலோ. அதோடு ஒரு ஆளுக்கு நாளுக்கு 50 கிராம் பருப்பு, ஒரு முட்டை, 25 கிராம் நெத்தலிக் கருவாடு இருந்தால் புரதம் ஏறக்குறைய 50 கிராம் கிடைக்கும். 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு அது போதும். முருங்கை இலைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கிளிநொச்சிப் பிள்ளை அரிசியும் மன்னார்ப் பிள்ளை கருவாடும் கொண்டுவந்தால் கடைக்குப் போகிற காசு பாதியாகக் குறையும்.

கூட்டுச் சமையல் மூன்றாம் கிழமையில் உடைவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். காரணம் பெரும்பாலும் ருசி இல்லை, கணக்கு எழுதாததுதான். யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார், அன்றைய கடை விலை என்ன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பிரித்தால் ஒருவருக்கும் மனக்கசப்பு வராது. சமைப்பதற்கும் சட்டி கழுவுவதற்கும் வேறுவேறு முறை போடுங்கள். புழுங்கலரிசியை ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, நன்றாக ஆறவிட்டுத்தான் மூடி இறுக்கமான வாளியில் கொட்டவேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், காயாமல் மூடினால் வண்டு விழும். வன்னி வெக்கையில் தேங்காய்ப்பால் விட்ட கறி மத்தியானத்துக்குள் புளித்துப்போகும். வகுப்புக்குக் கட்டிக்கொண்டு போவதென்றால் பால் விடாத பருப்பும் கருவாட்டுப் பொரியலும் தாங்கும்.

தண்ணீர் பற்றியும் ஒரு சொல். வவுனியாப் பக்கக் கிணறுகள் பலவற்றில் கல்லுத்தன்மையும் புளோரைட்டும் அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. குடிக்கவும் சோறாக்கவும் சுத்திகரித்த தண்ணீரை வாங்குங்கள். இந்தச் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

போடிங் எடுக்கமுன் மின்சாரம் தனி மீட்டரா, வீட்டுக்காரரோடு சேர்ந்ததா என்று கேளுங்கள். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். 500 வாட் றைஸ் குக்கர் அரை மணித்தியாலம் ஓடினால் கால் அலகுதான். 1,500 வாட் ஹொட் பிளேட்டை நாளுக்கு ஒரு மணித்தியாலம் போட்டால் மாதத்துக்கு 45 அலகு. ஒரு அறை முழு வீட்டின் மின்கணக்கையே தூக்கி நிறுத்துவது இப்படித்தான். மாதம் முதலாம் திகதி மீட்டரைப் படம் எடுத்து வைத்தால் வாக்குவாதம் இராது.

எனக்கு அதிகம் கவலை தருவது லாப்டொப். பிள்ளைக்கு அது தேவை என்றவுடன் அம்மா, கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடனை, அதாவது கிழமைக் கடனை எடுக்கிறார். 50,000 ரூபா எடுத்து, கிழமைக்கு 1,250 படி 52 கிழமை கட்டினால் மொத்தம் 65,000. "வட்டி 30 வீதம்தான் அக்கா" என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் எடுத்த கடன்தொகை ஒவ்வொரு கிழமையும் குறைந்துகொண்டு போகிறது, வட்டியோ முழு 50,000 க்கும் நிற்கிறது. உண்மையான வருட வட்டி 54 வீதம். ஒரு கிழமை தவறினால் குழுப்பிணை நின்ற அயல் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது இதனால்தான். முடிந்தால் கிராமத்துச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் அம்மாவை இப்பவே உறுப்பினராக்குங்கள். அங்கே குறைந்துசெல்லும் மீதிக்கா வட்டி என்று முதலே கேளுங்கள். நகை இருந்தால் அரச வங்கி அடகு, கிழமைக் கடனைவிட எவ்வளவோ மேல். கூடவே, முதல் செமஸ்டரை ஆய்வுகூடக் கணினியில் ஓட்டமுடியுமா என்று துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பல பாடங்களுக்கு முடியும்.

மூத்த மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரீசேட், சுற்றுலா, விழா என்று காசு சேர்க்கும்போது வகுப்புக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் வாசிக்காதீர்கள். அந்த 2,000 ரூபாவைக் கொடுப்பதற்காக இரண்டு கிழமை இரவுச் சாப்பாட்டை விடுகிற பிள்ளை உங்கள் வரிசையிலேயே இருக்கிறது. ஒரு ஆள் தனியாக வாங்கட்டும், கொடுக்காதவர் பெயர் அவரோடு நிற்கட்டும்.

அறையில் ஒருவர் "பசிக்கேல்லை" என்று மூன்றாம் நாளும் சொன்னால், கேள்வி கேட்காமல் அவருக்கும் சேர்த்து அரிசி போடுங்கள். மாணவர் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மனம் உடைந்து கதைத்தால் 1926 க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

நிர்வாகங்களிடம் கேட்பது ஒன்றுதான். தவணை பிந்துகிறதென்றால், எந்த மாதத் தவணை எந்தத் திகதிக்குள் வரும் என்று அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். அந்தத் திகதி தெரிந்தால் கடைக்கார அண்ணையிடம் பிள்ளை திருப்பித் தருகிற நாளைச் சொல்லிக் கடன் கேட்கும்.