தேய்ந்துகொண்டே போகும் ஒலி

ஜாஸ் பியானோ பழகுகிறவர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பாலட் என்கிற மெதுவான, உருக்கமான பாட்டு வந்ததும் சுரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். உடனே வேகமான சுர ஓட்டங்களும் அலங்காரங்களும் போட்டு அதை அடைக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் வாசித்தேன்.

என்னை மாற்றியது ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவான்ஸ் வாசித்த 'மை ஃபூலிஷ் ஹார்ட்' என்ற பாலட். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பதிவானது. டபுள் பாஸ் வாசித்தவர் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் வாசித்தவர் பால் மோஷியன். பின்னணியில் கண்ணாடிக் கோப்பைகள் உரசுவதுகூடக் கேட்கும். பதினோரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பதிவின் உருக்கத்துக்கு அதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அன்று அந்த மூவருக்கும் அது தெரியாதே!

எவான்ஸ் அதில் மெட்டைவிட்டு அதிக தூரம் போவதே இல்லை. அப்படியென்றால் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? பியானோவின் இயல்பிலேயே ஒரு துயரம் இருக்கிறது. குரலும் வயலினும் ஒரு சுரத்தைப் பிடித்து வளர்க்கலாம், அசைக்கலாம். பியானோவில் கட்டையை அழுத்திய நொடியிலிருந்தே ஒலி தேய ஆரம்பித்துவிடும். நல்ல பாலட் வாசிப்பவர் அந்தத் தேய்வைக் காதால் பின்தொடர்ந்து, முந்தைய சுரம் எந்த அளவுக்கு அடங்கியதோ அதற்குப் பக்கத்தில் அடுத்ததை வைக்கிறார். அதனால்தான் தனித்தனிச் சுரங்கள் ஒரே மூச்சில் பாடியதுபோல் சேர்கின்றன.

இன்னொன்று, எடை. வலது கையில் ஒரே நேரத்தில் நான்கு சுரம் அழுத்தும்போது மெட்டு பெரும்பாலும் சுண்டுவிரலில்தான் இருக்கும், இருப்பதிலேயே பலவீனமான விரல். கையின் எடை அதன்மேல் சாய வேண்டும், மற்ற விரல்கள் கட்டையைத் தொட்டால் போதும். இதற்கு மட்டுமே மாதக்கணக்கில் உழைக்கலாம், தகும்.

காலத்தைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தாளத்தை இஷ்டத்துக்கு இழுப்பது உணர்ச்சி ஆகாது. அடியில் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தால்தான் வலது கை தாமதிப்பது தயக்கமாகக் கேட்கும். மோஷியன் டிரம்ஸில் குச்சிக்குப் பதிலாகப் பிடிக்கும் பிரஷ் அந்தத் துடிப்பைக் கிசுகிசுப்பாகத் தாங்குவதைக் கேளுங்கள்.

அப்புறம், பாட்டின் வரிகள். சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கோர்டன் பாலட் வாசிக்கும் முன் மேடையிலேயே அதன் வரிகளைச் சொல்லிக் காட்டுவார். நான் இப்போது முதல் எட்டு பார்களை, அதாவது எட்டுத் தாளச் சுற்றுகளை, வாயால் பாடி, எங்கே மூச்சு வாங்குகிறேன் என்று பார்க்கிறேன். அந்த இடத்தில் கையையும் எடுத்துவிடுகிறேன். முன்பு நான் ஓட்டங்களால் அடைத்ததெல்லாம் சரியாக அந்த இடங்களைத்தான்.