அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே

புற்றுநோய் செல்கள் தாங்களே உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடால் வளர்கின்றன என்று உங்கள் கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் அந்த வாயு எந்த அளவில் என்ன செய்யும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் ஆதங்கம். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் இந்த வாயுவை நல்ல செல்களும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து துளியளவு தயாரிக்கின்றன. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிய அது உதவுகிறது.

2013இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் பெருங்குடல் புற்றுக்கட்டியைப் பக்கத்துத் திசுவோடு ஒப்பிட்டபோது, இந்த வாயுவை உண்டாக்கும் சிபிஎஸ் என்ற நொதி (செல்லில் வேதிவினையை நடத்தும் புரதம்) கட்டியில் மிகுதியாக இருந்தது. அதைத் தடுத்ததும் செல் பெருக்கம் குறைந்தது. குறைந்த அளவில் இந்த வாயு செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறின் உற்பத்தியைத் தூண்டுகிறது. கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் முளைக்கவும் துணைபோகிறது. அளவு கூடினாலோ கதையே தலைகீழ்: மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியை முடக்கி செல்லின் சுவாசத்தை நிறுத்திவிடும். அதனால்தான் நொதியைத் தடுப்பது, வாயுவை அளவுக்கு மீறி ஏற்றுவது என எதிரெதிரான இரண்டு வழிகளையும் ஆய்வுக்கூடங்களில் முயல்கிறார்கள்.

சிகிச்சையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, மருத்துவரைக் கேட்காமல் கந்தகச் சத்துள்ள உணவுகளை ஒதுக்கிவிட வேண்டாம். அந்த ஆய்வு உணவைப் பற்றியதே அல்ல. இதைக் கட்டுரையிலேயே சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து.