லேயரை ஒட்டி அனுப்பாதீர்கள்

கல்யாண ஆல்பத்துக்குப் படம் அனுப்புகிறவர்கள் போட்டோஷாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய எல்லா லேயரையும் ஒன்றாக்கி, லேயரே இல்லாத ஜேபெக் படமாகத் தருவதை மட்டும் என்னால் பொறுக்கவே முடியவில்லை. மணப்பெண் முகம் பளிச்சென்று தெரிய, வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸை நேராகப் படத்தின் மேலேயே ஏற்றிவிடுகிறார்கள். நெற்றிச்சுட்டிக்குக் கீழே தோல் வெறும் வெள்ளைத் திட்டு. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனலிலும் 255, அதாவது உச்ச அளவு. அப்புறம் எவ்வளவு இறக்கினாலும் சாம்பல்தான் வரும், தோல் நிறம் திரும்பாது.

படத்தைத் தொடாமல் மேலே தனியாக நின்று திருத்தும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டோஷாப்பில் 1996-லேயே வந்துவிட்டது. அதில் ஏற்றி, திருத்தம் எங்கே பட வேண்டும் என்று தீர்மானிக்கும் அதன் மாஸ்க்கில் கறுப்புப் பிரஷ்ஷால் நெற்றியையும் சேலை ஜரிகையையும் தடவி மறைத்திருந்தால் போதும். இரண்டுமே தப்பித்திருக்கும். கேட்டால், "ஃபைல் பெரிசாகுது சார்" என்கிறார்கள். சரி, ஆகட்டுமே! லேயரெல்லாம் தனித்தனியாக இருக்கும் பிஎஸ்டி ஃபைலை அப்படியே அனுப்புங்கள், ஒரு நாள் தாமதமானாலும் காத்திருக்கிறேன்.