கரடிப்போக்குச் சந்தியை யார் கீறுவது?

இலங்கையின் வடக்கில் இருக்கிற எங்கள் வன்னியைப் படமாகக் கீறு என்று எங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டே இரண்டு படம்தான் வரும். ஒன்று, வயல், வரம்பு, பனை, பின்னால் பாதி இறங்கிய சூரியன். மற்றது, முள்ளுக்கம்பி, ஒற்றைச் செருப்பு, தலையில் கை வைத்த தாய். பல்கலைக்கழகம் வரை போய் ஓவியம் படித்துவிட்டு வந்த எங்கட பெடியள் சிலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். முதலாவது அப்பு ஆச்சி வாழ்ந்த வன்னி. இரண்டாவது போரில் நாங்கள் தப்பி வந்த வன்னி. இரண்டும் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் எழும்பி நான் கடை திறக்கப் போகிற வன்னி இரண்டிலும் கிடையாது.

நான் ஓவியன் இல்லை. கிளிநொச்சியில், கண்டி–யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி ஓரமாகச் சின்ன ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் சனம் குறைந்த நேரத்தில் இந்திய ஓவியர்களின் படங்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஏன் இந்தியர்கள் என்றால், வெள்ளைக்காரன் கீறிய தெரு வடிவாக இருக்கிறது, அவ்வளவுதான். மும்பைத் தெருவில் தொங்குகிற வயர் எங்கள் தெருவிலும் அதே மாதிரித்தான் தொங்குகிறது.

சுதீர் பட்வர்தன் என்று ஒருவர். 1949இல் புனேயில் பிறந்தவர். மும்பைக்குப் பக்கத்துத் தானேயில் எக்ஸ்ரே டொக்டராக வேலை செய்துகொண்டே கீறினார். 2005இல்தான் வைத்தியத்தை விட்டுவிட்டு முழுநேர ஓவியரானார். ரயில் மேம்பாலத்தில் ஏறி இறங்குகிறவர்கள், ஈரானி ஹோட்டலில் தேத்தண்ணிக்கு இருக்கிறவர்கள், பாதி கட்டிய மாடிகள், இவைதான் அவருடைய ஆட்களும் இடங்களும். 1982இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூட, அந்தக் காணிகளில் மோல்களும் மாடிகளும் எழும்பின. அந்த லோவர் பரேல் பகுதியை அவர் 2001இல் பெரிய கன்வஸில் கீறினார். அவருடைய ஆட்கள் எங்களைப் பார்த்து அழுவதில்லை. வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். ஒரு நகரம் மாறியதன் ஞாபகம் முழுக்க அந்தப் போக்குவரத்துக்குள் கிடக்கிறது.

கிளிநொச்சியை நகரம் என்றால் யாழ்ப்பாணத்தார் சிலர் இப்போதும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போரில், 2009 ஜனவரியில் சனமே இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்த ஊர் இது. அதற்குப் பிறகு வங்கி வந்தது, லீசிங் கம்பனி வந்தது, போன் கடை வந்தது, 2013 செப்டம்பரில் யாழ்தேவி ரயில் வந்தது, அறிவியல்நகருக்குப் பொறியியல் பீடம் வந்தது. ஒரு நகரம் எங்கள் கண்ணுக்கு முன்னால், எங்கள் சீமெந்தில் எழும்பியிருக்கிறது. மும்பை ஓவியருக்குக்கூட அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கரடிப்போக்குச் சந்தியில் பின்னேரம் ஐந்து மணிக்கு நின்று பார்த்தால் உழவு மெசின், ரியூசன் சைக்கிள், கொழும்பு பஸ், வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் வான் எல்லாம் ஒரே பிரேமுக்குள் வரும். ஒரு படம்? நான் கண்டதில்லை.

ஒரு பாடசாலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளின் 'சந்தை' ஓவியங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் தென்னைக்குக் கீழே கூடை வைத்துக்கொண்டு கொசுவம் வைத்த சேலைக்காரி. இந்தப் பிள்ளைகள் சனிக்கிழமை தாயோடு போகிற சந்தை சீமெந்துத் தரை, தகரக் கூரை, டிஜிற்றல் தராசு, போனில் பாட்டு. அதைக் கீறினால் புள்ளி குறையுமாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்புறம் அதுல் தோதியா. மும்பை காட்கோபர்காரர், கடைச் சட்டர்களிலேயே கீறியவர். வெளியே ஒரு படம், சட்டரை மேலே தூக்கினால் உள்ளே வேறொரு படம். ஒன்றில் வெளியே மகாலட்சுமி. தூக்கினால், சீதனக் கொடுமையால் ஒன்றாகத் தூக்கில் தொங்கிய சகோதரிகள். அந்தப் படத்தைப் பார்த்த அன்று கடையை வேளைக்கே பூட்டினேன். பூட்டும்போது என் சட்டரையும் பக்கத்துச் சட்டர்களையும் பார்த்தேன். எல்லாம் ஏதோ ஒரு போன் கம்பனியின் நிறம். ஹர்த்தால் நாளில் இந்த வீதி முழுக்க விளம்பரம் மட்டும்தான் விழித்திருக்கும். கிழமைக்குக் கிழமை குழுக்கடன் கட்டுகிற பெண்களை வைத்து இங்கே ஒருவர் சட்டர் கீறினால் வெளியே லட்சுமியை மாற்றவே தேவையில்லை. கடன் கொடுக்கிற இடங்களில் ஏற்கனவே சுவரில் மாலையோடு இருக்கிறா.

என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது ஸரீனா ஹாஷ்மி. 1937இல் அலிகாரில் பிறந்தவர், கணிதம் படித்தவர். குடும்பம் 1959இல் பாகிஸ்தானுக்குப் போக, இவர் பாங்கொக், பாரிஸ், ரோக்கியோ என்று அலைந்து நியூயோர்க்கில் தங்கி, 2020இல் இலண்டனில் இறந்தார். பிறந்த வீட்டின் நிலப்படத்தை மரத்தில் வெட்டிக் கறுப்பில் அச்சடித்தார், திரும்பத் திரும்ப. சகோதரி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த உருதுக் கடிதங்களின் மேலேயே வீட்டுப் படத்தையும் ஊர் வரைபடத்தையும் பதித்து ஒரு வரிசை செய்தார். ஆள் இல்லை, கண்ணீர் இல்லை. கோடுதான்.

எங்களிடமும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், டெல்லியில் படித்து வந்தவர், இடம்பெயர்ந்த சனத்தைக் கொண்டு விட்டுவந்த வீடுகளின் நிலப்படத்தை ஞாபகத்தில் இருந்து கீறுவித்து, 2011இல் தோம்பு, அதாவது பழைய காலக் காணிப் பதிவேடு, வடிவில் ஒரு நூலாக்கினார். அதை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் வைக்கலாம். காணிக் கிளையில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு நேரமும் போகும்.

ஆனால் அது விட்டுவந்த வீடு. இப்போது இருக்கிற வீடு? போருக்குப் பிறகு இந்திய அரசாங்கம் கொடுத்த 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்குக் கிழக்கில்தான். இங்கே ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். 550 சதுர அடி. சனம் தாங்களே நின்று கட்டினார்கள், 'இந்தியன் வீடு' என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒரு ஒழுங்கை முழுக்க ஏறக்குறைய ஒரே வீடு. ஸரீனா இங்கே வந்திருந்தால் ஒரே மரக்கட்டையில் பல குடும்பங்களை அச்சடித்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. யார் எதை எங்கே ஒட்டினார்கள் என்பது சாமான் விற்ற எனக்குத் தெரியும். ஒருவர் பின்பக்கம் சாய்ப்பாகப் பத்தி இறக்க எட்டுத் தகரம் வாங்கினார். திட்டத்தில் இருந்த குசினிக்குள் நெல் மூட்டை அடுக்கிவிட்டு, வெளியே மண் அடுப்புப் போட்டுக் கிடுகால் மறைத்தவர்கள் பாதிப் பேர். விறகுப் புகை மேலே போக வழி இல்லை என்பது ஒரு காரணம். பழைய வீட்டில் குசினி தனியாகத்தான் இருந்தது என்பது மற்றக் காரணம். ஒரு அம்மா யன்னல் நிலை ஒன்றை என்னிடம் கொண்டுவந்து, இதற்குக் கணக்காகக் கம்பி வெட்டித் தா என்றார். பார்த்தால் கையால் இழைத்த முதிரை மரம், இடப்பக்கம் கருகியிருந்தது. பழைய வீட்டில் மிஞ்சியது அதுமட்டும்தான். புதுச் சுவரில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அளவே இல்லாத யன்னல். மேசன் முதலில் மறுத்தாராம்.

இப்படி ஒரு ஒழுங்கையின் நிலப்படங்களைக் கீறி, பத்தியையும் கொட்டிலையும் யன்னலையும் வேறு நிறத்தில் காட்டினால் போதும். பார்க்கிற வன்னிச் சனத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

எல்லா இந்திய ஓவியர்களையும் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சுபோத் குப்தா பீகாரில் பிறந்தவர், எவர்சில்வர் பாத்திரங்களில் சிற்பம் செய்வதில் உலகப் பெயர் எடுத்தவர். 2008இல் அணுகுண்டுப் புகை மாதிரிச் சட்டி பானைகளால் ஒன்று செய்தார். நிறை 26 தொன். படத்தில் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எனக்கு மலைப்பைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. போரில் இடம்பெயர்ந்து, உழவு மெசின் பெட்டியில் பாத்திரம் கட்டி ஊர் ஊராக இழுத்தவர்களுக்கு அவ்வளவு பளபளப்பு ஒட்டாது போல.

பெரிசு என்றால் எங்களிடமும் இருக்கிறது. கிளிநொச்சி நடுவில் ஒரு கொங்கிறீட் கனசதுரம், அதில் குத்தி நிற்கும் ஷெல், மேலே தாமரை. புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவே துவக்கோடும் கொடியோடும் ஒரு இராணுவ வீரன். போரில் வென்றவர்கள் வைத்த, வருகிறவர்கள் நின்று படம்பிடிக்கிற சிற்பங்கள் இவை, நாங்கள் ஒருவரும் கேட்டுச் செய்ததல்ல. அதற்குப் பதில் முள்ளுக்கம்பி கீறுவது என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். வென்றவன் போட்ட கேள்விக்கே நாங்கள் எத்தனை தரம் விடை எழுதுவது?

அப்ப போரை மறக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். நளினி மலானியைப் பாருங்கள். 1946இல் கராச்சியில் பிறந்தவர், பிரிவினையோடு கைக்குழந்தையாக இந்தியா வந்தவர். பிரிவினை அவருக்கு வீட்டார் சொன்ன கதைதான். ஒளி ஊடுருவும் உருளைகளில் கீறி, அவற்றைச் சுழலவிட்டு, வெளிச்சம் பாய்ச்சிச் சுவரில் நிழலாக விழவைத்தார். கேட்டு வந்த ஞாபகத்துக்கு நிழல்தான் சரி என்று எனக்குப் படுகிறது. 2009க்குப் பிறகு பிறந்த எங்கள் பிள்ளைகள் இப்போது சாதாரண தரம் எழுதுகிறார்கள். அவர்கள் கீறுகிற முள்ளுக்கம்பி எங்களுடைய முள்ளுக்கம்பி. அவர்களுக்கென்று உள்ளது தாய் சமைக்கும்போது நிறுத்திவிட்ட பாதிக் கதையும், அளவில்லாத யன்னலும்.

எனக்குத் தெரிந்த சித்திர ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அண்ணை, சந்தியைக் கீறினால் ஆர் வாங்குவினம்? சூரியன் இறங்குகிற படத்துக்கெண்டால் கலியாணப் பரிசுக்கு ஓடர் வரும்" என்றார். நியாயமான பேச்சு. படம் விற்கிற கலரி என்றால் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டும், அங்கே போனாலும் வன்னிப் பெடியனிடம் முள்ளுக்கம்பிதான் கேட்பார்கள்.

படம் வாங்கி மாட்ட எனக்கும் வசதி இல்லை. ஆனால் என் கடைச் சட்டர் பத்தடி அகலம், எட்டடி உயரம். போன் கம்பனி அடித்த பெயின்ற் உரிந்துவிட்டது, திரும்ப அடித்துத் தருகிறோம் என்று கேட்டு வந்தவர்களை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். எனாமல் பெயின்ற், தின்னர், பிரஷ் எல்லாம் கடையிலேயே இருக்கிறது, காசு வேண்டாம். என்ன கீறுவது என்று நான் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டு, விருப்பமானவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.